ரிசீவரை எடுத்தால் வரும் அந்தக் ‘கொர்ர்ர்’: டயல் டோன் என்ன சொல்கிறது?

லேண்ட்லைன் போனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் ‘கொர்ர்ர்…’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னும் யாருக்கும் போன் போடவில்லை, அந்தப் பக்கம் யாரும் இல்லை, ஆனாலும் சத்தம் வரும். அதுதான் டயல் டோன். போன் என்றால் அப்படித்தான் சத்தம் போடும், அது கருவிக்குள்ளிருந்தே வருகிறது என்றுதான் பலரும் நினைத்திருப்போம். உண்மையில் அந்தக் காலத்துப் போனுக்குள் அப்படி எந்தக் கருவியும் கிடையாது. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்: ஒரு சத்தமும் இருக்காது.

சத்தம் பிறப்பது ஊரில் எங்கோ இருக்கும் எக்ஸ்சேஞ்சில், அதாவது எல்லா வீட்டு லைன்களும் வந்து சேரும் தொலைபேசி இணைப்பகத்தில். நீங்கள் ரிசீவரை எடுத்ததை எக்ஸ்சேஞ்ச் கவனித்துவிட்டது, நீங்கள் போடப்போகும் நம்பரை வாங்கிக்கொள்ள ஒரு கருவியை உங்களுக்கென்று ஒதுக்கியும் விட்டது என்பதற்கான பதில் அது. முதல் எண்ணைப் போட்டதும் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். இதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. ஆனால் டோன் வருவது பாதிச் சேதிதான். அது நிற்பதுதான் மீதிச் சேதி. ‘தயார்’ என்று சொன்ன எக்ஸ்சேஞ்ச், ‘முதல் எண் கிடைத்துவிட்டது’ என்று சொல்வது இந்த நிற்றலில்தான்.

ரிசீவரை எடுத்ததும் என்ன நடக்கிறது?

வீட்டுக்கு வரும் பழைய போன் லைன் என்பது இரண்டு செம்புக் கம்பிகள், அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சில் உள்ள பெரிய பேட்டரிகள் அந்தக் கம்பிகளுக்கு எந்நேரமும் 48 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஊரே இருட்டில் கிடக்கும்போதும் போன் மட்டும் வேலை செய்ததன் ரகசியம் இதுதான். ரிசீவர் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்வரை போனுக்குள் மின்சுற்று திறந்தே கிடக்கும், கரண்ட் பாயாது. ரிசீவரைத் தூக்கினால் அடியில் அமுங்கியிருந்த பொத்தான் மேலே எழும்பும், சுற்று மூடும், 20 முதல் 50 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் பாயத் தொடங்கும். எக்ஸ்சேஞ்சில் உங்கள் லைனுக்கென்று இருக்கும் ரிலே (கரண்ட் பாய்ந்தால் தானாக இயங்கும் மின்காந்த ஸ்விட்ச்) அதை உணர்ந்து ‘டக்’ என்று இழுத்துக்கொள்ளும். இந்த வீட்டில் யாரோ பேச வந்திருக்கிறார்கள் என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவது இப்படித்தான்.

சரி, அப்படியானால் உடனே நம்பரைப் போடவேண்டியதுதானே, இடையில் இந்த டோன் எதற்கு? இங்கேதான் சிக்கனம் வருகிறது. கல்யாணத்துக்கு ஊரையே அழைத்திருந்தாலும் பந்தியில் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் இலை போடமாட்டார்கள். பத்தாயிரம் இணைப்புகள் உள்ள எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான். பத்தாயிரம் பேரும் ஒரே நிமிடத்தில் ரிசீவரை எடுக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில், எண்களை வாங்கும் கருவிகளைச் சில நூறு மட்டுமே வைத்திருப்பார்கள். உங்கள் ரிலே இழுத்ததும் அந்தக் கருவிகளில் காலியாக இருப்பது எது என்று தேடி உங்கள் லைனோடு கோக்க வேண்டும். கோத்தபிறகுதான் டோன் வரும். அதற்கு முன்னால் நீங்கள் போடும் எண்களைக் கேட்க ஆள் கிடையாது. அவை காற்றோடு போகும்.

பெரும்பாலான நேரம் இந்தத் தேடல் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். கூட்டம் கூடினால்தான் வம்பு. 1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி சுடப்பட்ட செய்தி பரவியதும் வாஷிங்டனில் எல்லாரும் ஒரே சமயத்தில் போனை எடுக்க, பலருக்கு டயல் டோனே வரவில்லை. லைன் எதுவும் அறுந்துவிடவில்லை. வாங்கிக்கொள்ள ஆள் காலியாக இல்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட நேரத்தில் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் சரி. நம்மில் பலர் செய்தது நேர் எதிர்: டோன் வரவில்லை என்றால் ரிசீவர் வைக்கும் இடத்தை ‘டக் டக் டக்’ என்று தட்டுவோம். ஒவ்வொரு தட்டும் ‘வந்தவர் எழுந்து போய்விட்டார், மறுபடியும் வந்தார்’ என்றுதான் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். வரிசையில் பின்னால் போனதுதான் மிச்சம்.

டோன் இல்லாத காலம்

ஆரம்பத்தில் டயல் டோன் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. சென்னை, கல்கத்தா, பம்பாய் மூன்றிலும் 1882 ஜனவரியில் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டபோது எல்லாமே ஆள் வைத்து இணைப்பவைதான். ரிசீவரை எடுத்தால் ஆபரேட்டரின் குரல் கேட்கும், யாரோடு பேசவேண்டும் என்று சொன்னால் வயரை எடுத்து அந்த ஓட்டையில் செருகுவார். ஆபரேட்டரின் குரலே அங்கே டயல் டோன்.

ஆபரேட்டர் இல்லாத எக்ஸ்சேஞ்சுக்கு வழிபோட்டவர் அல்மன் ஸ்ட்ரௌஜர், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்துவந்தவர். தனக்கு வரவேண்டிய வாடிக்கையாளர்களின் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் அவர் இதில் இறங்கினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1891-ல் காப்புரிமை கிடைத்ததும் 1892-ல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அவருடைய எக்ஸ்சேஞ்ச் ஓடத் தொடங்கியதும் வரலாறு. அதில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனியாக ஒரு தேர்வுக் கருவி. அது எப்போதும் உங்களுக்காகவே காத்திருக்கும் என்பதால் ரிசீவரை எடுத்த கையோடு நம்பர் போடலாம், டோன் எதற்கு?

ஆனால் ஆளுக்கொரு கருவி என்றால் செலவு தாங்காது. கருவிகளைப் பலருக்கும் பொதுவாக வைக்கத் தொடங்கியபோதுதான், ‘உங்கள் முறை வந்துவிட்டது’ என்று தெரிவிக்கும் வேலை முளைத்தது. தானியங்கி எக்ஸ்சேஞ்சில் அதைச் சொல்ல மனிதக் குரலும் இல்லை. ரிசீவரை எடுத்தால் மயான அமைதி என்றால், ஆபரேட்டரோடு பேசிப் பழகியவர்கள் போன் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் என்ற ஊரில் 1908-ல் திறக்கப்பட்ட தானியங்கி எக்ஸ்சேஞ்சில் இதற்கென்று ஒரு சத்தத்தைச் சேர்த்தார்கள். பொறியாளர் ஆகஸ்ட் க்ருக்கோவின் யோசனை அது என்று சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனமான பெல் இதற்கெல்லாம் மெதுவாகத்தான் வந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் 1919-ல்தான் அவர்கள் டயல் போனுக்கு மாறத் தொடங்கினார்கள். அதற்குள் இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-ல் சிம்லாவில் வந்துவிட்டிருந்தது. வெள்ளைக்கார அரசாங்கத்தின் கோடைத் தலைநகர் ஆயிற்றே, வசதிகள் முதலில் அங்கேதான் ஏறும்.

டோன் நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்

ஸ்ட்ரௌஜர் வகை எக்ஸ்சேஞ்சுகள் நம் ஊரில் பல பத்தாண்டுகள் ஓடின. அவற்றின் அழகு என்னவென்றால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வட்ட டயலில் 3-ஐச் சுழற்றி விட்டால், டயல் திரும்பி வரும்போது லைனில் பாயும் கரண்டை மூன்று முறை வெட்டும். விநாடிக்குப் பத்து வெட்டு என்ற வேகம். சைபருக்குப் பத்து வெட்டுகள். எக்ஸ்சேஞ்சில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட தேர்வுக் கருவியின் தண்டு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு படி மேலே ஏறும். அது கீழே, தன் இருப்பிடத்தில் இருக்கும்வரை ஒரு ஜோடித் தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கும், அவற்றின் வழியாகத்தான் டயல் டோன் உங்கள் காதுக்கு வருகிறது. முதல் வெட்டில் தண்டு ஒரு படி ஏறியதுமே தகடுகள் விலகிவிடும். டோன் அறுந்துவிடும். டோனை நிறுத்து என்று தனியாக யாரும் சொல்லவேண்டியதில்லை, கருவி அசைந்ததே போதும்.

டயலைச் சுழற்றாமல், ரிசீவர் வைக்கும் இடத்தில் உள்ள பொத்தானை அதே வேகத்தில் தட்டினாலும் எக்ஸ்சேஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுமே கரண்டை வெட்டுவதுதான். டயலில் பூட்டுப் போட்டு வைத்த வீடுகளிலும் ஆபீஸ்களிலும் பொத்தானைத் தட்டியே போன் போட்ட கெட்டிக்காரர்கள் உண்டு. சைபர் நிறைய உள்ள நம்பர் என்றால்தான் விரல் நோகும்.

அந்தச் சத்தத்தை உண்டாக்க அந்தக் காலத்தில் மோட்டாரால் சுற்றும் ஓர் இயந்திரம் எக்ஸ்சேஞ்சில் ஓடிக்கொண்டிருக்கும். மணியடிக்கத் தேவையான மின்சாரம், டயல் டோன், என்கேஜ்டு டோன் எல்லாம் அதிலிருந்துதான். பிரிட்டனின் பழைய டயல் டோன் விநாடிக்கு 33 அதிர்வுகள் கொண்டது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைப் போன் லைன் சரியாகக் கடத்தாது; அது கடத்துவது ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரைதான். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து, அதன் மடங்குகளாக வரும் மேல் அதிர்வுகள்தான் காதில் விழும். அதனால்தான் அது பூனை உறுமுவது மாதிரி இருந்தது.

இந்தியாவின் டயல் டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஹெர்ட்ஸில் ஏற்றி இறக்கிச் செய்வது. அந்த ஏற்ற இறக்கம்தான் ‘கொர்ர்’ என்ற நடுக்கத்தைக் கொடுக்கிறது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் வந்தபிறகு சுற்றும் இயந்திரம் போய்விட்டது; டோன் வெறும் எண்களாக நினைவகத்தில் உட்கார்ந்துகொண்டது. டிஜிட்டல் போன் முறையில் ஒலியை விநாடிக்கு 8,000 முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்வார்கள். நம் டோன் 25-ல் ஒரு விநாடிக்கு, அதாவது 40 மில்லி விநாடிக்கு ஒருமுறை அச்சுப் பிசகாமல் திரும்ப வரும். கணக்குப் போட்டால் 320 எண்கள். அந்த 320 எண்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் நாடு முழுவதும் கேட்ட அந்தச் சத்தம் தயார். எனக்கு இந்தக் கணக்கு எப்போதும் ஒரு சின்ன ஆச்சரியம்தான்.

ஒரே சத்தம், வேறு வேறு தாளம்

டயல் டோனோடு கூடப் பிறந்த மற்ற டோன்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்தியாவில் எல்லாமே அதே 400 ஹெர்ட்ஸ்தான், மாறுவது தாளம். விடாமல் ஓடினால் டயல் டோன். முக்கால் விநாடி ஒலித்து, முக்கால் விநாடி ஓய்ந்தால் என்கேஜ்டு. அதுவே கால் விநாடி ஒலித்து, கால் விநாடி ஓய்ந்து படபடவென்று அடித்தால், நீங்கள் கூப்பிட்டவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தமில்லை. நடுவில் உள்ள லைன்கள் எல்லாம் நிரம்பி வழிகின்றன என்று அர்த்தம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், ‘இவன் யாரோடுதான் இவ்வளவு நேரம் பேசுகிறானோ’ என்று அந்தப் பக்கத்து ஆளைத் திட்டியவர்கள்தான் அதிகம்.

மணி போகும்போது கேட்பது 0.4 விநாடி ஒலி, 0.2 ஓய்வு, மறுபடி 0.4 ஒலி, பிறகு 2 விநாடி ஓய்வு. அந்த ‘ட்ரிங்-ட்ரிங்… ட்ரிங்-ட்ரிங்’ இரட்டைத் தாளம் பிரிட்டனிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 2 விநாடி ஒலி, 4 விநாடி ஓய்வு. அங்கிருந்து வரும் படங்களில் ரிங் நீளமாக இழுப்பது இதனால்தான். இது அந்த வீட்டில் அடிக்கும் மணியின் சத்தம் அல்ல என்பதும் பலருக்குத் தெரியாது. அங்கே மணியை அடிப்பது வேறு மின்சாரம். உங்களுக்கு ஆறுதலுக்காக எக்ஸ்சேஞ்ச் தனியாகப் போட்டுக் காட்டும் சத்தம் இது. செல்போன் வந்தபிறகு இதன் இடத்தில் சினிமாப் பாட்டை வைத்து ‘காலர் ட்யூன்’ என்று காசு பார்க்க முடிந்ததும் அதனால்தான்.

சினிமாவில் இன்னொரு பொய்யும் உண்டு. கதாநாயகி கோபத்தில் போனை வைத்ததும் கதாநாயகன் காதில் உடனே டயல் டோன் கேட்கும். நிஜத்தில் அந்தப் பக்கம் வைத்துவிட்டால் நம் ஊரில் பொதுவாகக் கேட்டது என்கேஜ்டு டோன்தான். கதாநாயகன் புதிதாக நம்பர் போடப்போவதாக எக்ஸ்சேஞ்ச் ஏன் நினைக்கவேண்டும்?

உலகம் முழுக்க ஒரே டோன் கிடையாது. ஐரோப்பாவின் பல நாடுகளில் 425 ஹெர்ட்ஸ். மேற்கு ஜெர்மனியில் ஒரு காலத்தில் மோர்ஸ் எழுத்து ‘ஏ’-யைப் போல, குட்டையாக ஒன்று நீளமாக ஒன்று என்று மாறி மாறி ஒலித்தது. பிரான்சில் 440 ஹெர்ட்ஸ். அது மேற்கத்திய இசைக்காரர்கள் சுருதி சேர்க்கும் அதே ஸ்வரம் என்பதால், கருவி இல்லாவிட்டாலும் போனை எடுத்துக் காதில் வைத்து கிட்டாருக்குச் சுருதி கூட்டலாம்.

பொத்தான் போன் வந்து செய்த குழப்பம்

டயல் டோனுக்கு நிஜமான சோதனை பட்டன் போன்களால் வந்தது. 1963 நவம்பரில் பென்சில்வேனியாவின் இரண்டு ஊர்களில் பெல் நிறுவனம் இதை விற்பனைக்கு விட்டது. இதில் கரண்டை வெட்டுவதில்லை. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளை ஒன்றாக அனுப்பும். 1-ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1,209 ஹெர்ட்ஸும், 5 என்றால் 770-ம் 1,336-ம். எக்ஸ்சேஞ்ச் அந்தச் ஜோடியைக் காதால் கேட்டு எண்ணைக் கண்டுபிடிக்கும்.

பிரச்சினை என்னவென்றால், முதல் எண் வரும் நேரத்தில் அதே லைனில் டயல் டோனும் ஓடிக்கொண்டிருக்கிறது. தான் போடும் சத்தத்துக்கு நடுவிலேயே உங்கள் சத்தத்தை எக்ஸ்சேஞ்ச் பிரித்துக் கேட்கவேண்டும். அமெரிக்காவில் அதுவரை டயல் டோன் ஊருக்கு ஊர் வேறாக, கரகரப்பாக இருந்தது. அந்தக் கரகரப்பு என்பதே கலந்து கிடக்கும் மேல் அதிர்வுகள்தான். அவை பொத்தான் ஒலிகள் இருக்கும் இடத்திலேயே வந்து மோதும். அதனால் 350, 440 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுத்தமான ஒலிகளைச் சேர்த்து ஒரே மாதிரியான புது டோனைக் கொண்டுவந்தார்கள். இரண்டுமே மிகத் தாழ்ந்த பொத்தான் ஒலியான 697-க்குக் கீழே இருக்கின்றன. ஒரு வடிகட்டி வைத்து அவற்றை ஒதுக்கிவிடலாம். ‘சுத்தமான’ என்பது முக்கியம்: 350-ஐ இரட்டித்தால் 700, கிட்டத்தட்ட 697-ன் தலையிலேயே உட்காரும். டோனில் அந்த இரட்டிப்பு கொஞ்சம் கலந்தாலும் எக்ஸ்சேஞ்ச் குழம்பும்.

நம் ஊருக்குப் பட்டன் போன்கள் வந்தபோது பக்கவாட்டில் ‘டோன்’, ‘பல்ஸ்’ என்று மாற்ற ஒரு குட்டி ஸ்விட்ச் இருந்தது நினைவிருக்கலாம். பழைய எக்ஸ்சேஞ்சில் அதை ‘டோன்’ பக்கம் தள்ளிவிட்டு எண்களை அழுத்தினால் காதில் ‘பீ, பீ’ என்று அழகாகக் கேட்கும், ஆனால் அடியில் டயல் டோன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். டோன் நிற்கவில்லை என்றால் எக்ஸ்சேஞ்சுக்கு உங்கள் மொழி புரியவில்லை. ஸ்விட்சை ‘பல்ஸ்’ பக்கம் தள்ளினால் முதல் எண்ணிலேயே நின்றுவிடும். போன் கெட்டுவிட்டது என்று ஆளை வரவழைத்து, அவர் வந்து ஸ்விட்சை மட்டும் தள்ளிவிட்டுப் போன வீடுகள் எத்தனையோ.

மனிதர்களை விட்டு இயந்திரங்களும் டயல் டோனுக்குக் காது கொடுக்கத் தொடங்கியது மோடம் காலத்தில். கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இணைக்கும்போது மோடம் (கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் கருவி) முதலில் லைனைத் திறந்து டோன் வருகிறதா என்று கேட்கும். வராவிட்டால் ‘டயல் டோன் இல்லை’ என்று விண்டோஸ் 680-ம் நம்பர் பிழையைக் காட்டும். காதில் வைத்தால் டோன் நன்றாகக் கேட்கும். மோடம் மட்டும் இல்லை என்று அடம்பிடிக்கும். வேறு நாட்டு டோனுக்குப் பழக்கப்பட்ட மோடமாக இருந்தால் இப்படி நடக்கும். டயல் டோனுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று அமைப்பில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

டோனையே விட்டு விட்டு ஒலிக்க வைத்து, கூடுதல் சேதி சொல்லும் பழக்கமும் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளோடு வந்தது. வழக்கமான டோனுக்குப் பதிலாக அது விக்கல் எடுப்பதுபோல வந்தால், உங்கள் அழைப்புகள் வேறு நம்பருக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றன என்றோ, குரல் செய்தி ஒன்று காத்திருக்கிறது என்றோ பொருள்.

செல்போனில் டயல் டோன் ஏன் இல்லை?

செல்போனில் நீங்கள் முழு நம்பரையும் முதலில் போனுக்குள்ளேயே அடித்து முடிக்கிறீர்கள். பச்சைப் பொத்தானை அழுத்தியபிறகுதான் அது மொத்தமாக ஒரே சேதியாக நெட்வொர்க்குக்குப் போகிறது. எண் எண்ணாக வாங்கிக்கொள்ள யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே ‘தயார்’ என்று சொல்லவும் அவசியமில்லை. சிக்னல் கோடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனாலும் பழக்கம் சுலபத்தில் விடாது. வயர் இல்லாமல் ஆன்டெனாவோடு வந்த டபிள்யூ.எல்.எல். போன்களிலும் ரிசீவரை எடுத்தால் டோன் கேட்டது. அது எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்ததல்ல. ஜனங்களுக்குப் பழக்கமாயிற்றே என்று கருவியே போட்ட சத்தம். இன்று ஃபைபர் இணைப்போடு வரும் லேண்ட்லைனிலும் கதை அதேதான். சுவரில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டிதான் டோனை உண்டாக்குகிறது. பழைய எக்ஸ்சேஞ்ச் செய்த வேலையை, 48 வோல்ட் கொடுப்பது உட்பட, அது நடித்துக் காட்டுகிறது. நடிப்பு என்பதால் வீட்டில் கரண்ட் போய், பெட்டிக்கு யூ.பி.எஸ். இல்லாவிட்டால் டோனும் போய்விடும்.

இதனால் கோளாறு கண்டுபிடிக்கும் முறையும் மாறிவிட்டது. செம்புக் கம்பியில் டோன் வந்தால், எக்ஸ்சேஞ்ச் வரை லைன் நன்றாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஃபைபரில் டோன் வந்தால், போனிலிருந்து பெட்டி வரை உள்ள இரண்டு முழ வயர் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் உறுதி. பெட்டி கம்பெனியின் சர்வரில் பதிவாகாவிட்டால் டோனையே தராமல் இருக்கும்படி சில பெட்டிகளில் அமைத்திருப்பார்கள். மற்றவற்றில் டோன் வரும், நம்பரையும் வாங்கிக்கொள்ளும், பிறகு என்கேஜ்டு சத்தம் போடும். அப்படி நடந்தால் போனை மாற்றுவதற்கு முன்னால், பெட்டியில் போன் படம் போட்ட விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.